பேர் சொல்லாத ஜெபம்

எங்கள் சபையில் யாருக்காக ஜெபித்தாலும் பேர் சொல்ல மாட்டார்கள். அது ஒரு மரியாதை என்று நினைப்பு. குடும்பச் சங்கதி வெளியே போகக்கூடாது, சம்பந்தப்பட்டவர் மனம் நோகக்கூடாது என்று எந்தக் காலத்திலோ யாரோ தொடங்கிவைத்த பழக்கம். ஆனால் பேரை மட்டும்தான் விடுவார்கள். "ஆண்டவரே, தோட்டத்து மேல் லைன் வரிசையில் பச்சைக் கதவு வீட்டில், போன வாரம் ஃபேக்டரியில் கை நசுங்கின எங்கள் சகோதரனுடைய குடிப்பழக்கத்தை நீர் அறிந்திருக்கிறீர்" என்று ஆரம்பித்தால் போதும், கண்ணை மூடியிருக்கிற அத்தனை பேரும் மனசுக்குள் போய் அந்தப் பச்சைக் கதவைத் தட்டியிருப்பார்கள். ஆண்டவருக்கு அடையாளம் வேண்டியதில்லை. பச்சைக் கதவு நமக்குத்தான் வேண்டியிருக்கிறது.

இதைச் சொல்லிச் சொல்லி நானும் எத்தனையோ தடவை சிரித்திருக்கிறேன். என் வீட்டுக் கதவைத் தட்டும்வரைக்கும் எல்லாமே சிரிப்புத்தான்.

நான் கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு டீ எஸ்டேட்டின் டிஸ்பென்சரியில் நர்ஸ். என் வேலையில் பாதி ஊசியும் மாத்திரையும். மீதிப் பாதி வாயை மூடிக்கொண்டிருப்பது. எந்தப் பெண்ணுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது, எந்த மேஸ்திரிக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, புருஷன் அடித்த காயத்தை எவள் வழுக்கி விழுந்த காயம் என்கிறாள், எல்லாம் எனக்குத் தெரியும். பெருமையாகவே சொல்கிறேன், என்னிடம் வந்த சங்கதி எதுவும் என்னைத் தாண்டிப் போனதில்லை. மற்றவர்களும் அப்படித்தான் இருப்பார்கள் என்று நம்பியதுதான் என் பைத்தியக்காரத்தனம்.

பெரிய வெள்ளி, ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் லெந்து. அந்த நாட்களில் எங்கள் சபையின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் ஒரு ஜெபம் போகும். அந்தந்த நாளுக்கான வேதபகுதியைப் போதகர் முன்கூட்டியே சொல்லிவிடுவார். ஒருநாள் நான், மறுநாள் அக்கா என்று மாறி மாறி அதை வாசித்து, அதிலிருந்து ஒரு ஜெபம் சொல்லிக் குரல் பதிவாக அனுப்புவோம். அக்கா என்றால் கூடப் பிறந்தவள் அல்ல. கோத்தகிரியில் பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், எங்கள் சபையின் பெண்கள் சங்கத்துக்குத் தலைவி. எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தோம். பிரசங்கம் பண்ணக்கூடாது. புத்தி சொல்லக்கூடாது. வேதபகுதியில் இருந்து எழும்புகிற ஜெபம் மட்டும்தான். அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் முடிந்துவிட வேண்டும்.

எனக்கு என்று ஒரு வழி இருந்தது. பகுதியை வாசித்துவிட்டு, இதில் எங்கள் எஸ்டேட் ஆட்கள் எங்கே நிற்கிறார்கள் என்று தேடுவேன். அப்பத்தைப் பிட்டுக் கூட்டத்துக்குக் கொடுத்த பகுதி வந்தால், டிபன் பாக்ஸில் வெறும் பழைய சோறு இருப்பதை மற்றவர்கள் பார்க்கக்கூடாது என்று செடி மறைவில் போய் உட்கார்ந்து சாப்பிடுகிற பெண்களுக்காக ஜெபிப்பேன். காணாமல் போன ஆட்டைத் தேடிப் போன பகுதி வந்தால், திருப்பூருக்கு வேலைக்குப் போய் ஃபோன் எடுக்காமல் இருக்கிற பிள்ளைகளுக்காக. அக்காவின் வழி வேறு. அவளுக்கு நல்ல குரல். 'தேவரீர்' என்று அவள் இழுத்துச் சொன்னால் நம் வாயும் கூடவே முணுமுணுக்கும். ஜெபத்தின் நடுவில் அழுவாள். எங்கள் இரண்டு பேரில் அவள் ஜெபத்துக்குத்தான் ஆமென் அதிகம் வரும். அதில் எனக்குப் பொறாமை இருந்ததில்லை. நானும் கேட்டு அழுதிருக்கிறேன்.

என் குவார்ட்டர்ஸில் ஃபோனுக்கு சிக்னல் கிடையாது. சமையலறையில் பேசிப் பதிவு செய்துவிட்டு, சால்வையைப் போர்த்திக்கொண்டு தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஏறிப் போய்த்தான் அனுப்ப வேண்டும். சில நாள் தொட்டிக்குப் பக்கத்தில் காட்டுமாடு நிற்கும். அது நகர்கிறவரை நானும் ஜெபமும் காத்துக்கொண்டு நிற்போம்.

என் வீட்டுக்காரர் திடீரென்று மாரடைப்பில் போனபோது, இந்த அக்காதான் என்னைத் தூக்கி நிறுத்தினாள். சும்மா சொல்லக்கூடாது. சொந்தக்காரர்கள் எல்லாம் அடக்கம் முடிந்த கையோடு கடைசி பஸ்ஸுக்கு ஓடியபோது, அவள் தன் வீட்டைப் பூட்டிவிட்டு வந்து என் வீட்டில் தங்கினாள். எனக்குத் தலை வாரிவிட்டாள். ரசம் வைத்து ஊட்டிவிட்டாள். காலேஜ் படித்துக்கொண்டிருந்த என் மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து, "உங்கப்பா இல்லீன்னு நெனைக்காத கண்ணு, பெரியம்மா இருக்கறேன்" என்றாள். அவளிடம் சொல்லாத ரகசியம் என்னிடம் எதுவும் இருந்ததில்லை. அவளுக்கும் அப்படித்தான். அவள் வீட்டு நடு அறையில் இரண்டு பேரும் முழங்கால் போட்டு அழுதவற்றை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். எழுத மாட்டேன்.

அப்புறம் கம்பூட்டுக் கடைக்காரர் வந்தார்.

கோத்தகிரி பஜாரில் கம்பளி, ரெயின்கோட், முழங்கால்வரை வரும் ரப்பர் கம்பூட் விற்கிற கடை அவருடையது. கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். மனைவி இறந்து பல வருஷம் ஆகிவிட்டது. மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர். கடையில் முருகன் படத்துக்குத் தினமும் பூ வைக்கிற ஆள். ஒருநாள் நான் குடை வாங்கப் போயிருந்தபோது, "ஏனுங்க, அந்தக் காலைல ஜெபம் சொல்றது நீங்கதானுங்களே?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் சபை ஆள் ஒருவர் கடையில் நின்று என் ஜெபத்தைச் சத்தமாகப் போட்டுக் கேட்டிருக்கிறார். ஆண்டவர் சீஷர்களின் காலைக் கழுவிய பகுதி அன்றைக்கு. கிழிந்த கம்பூட்டுக்குள் பிளாஸ்டிக் கவரைச் சுற்றிப் போட்டுக்கொண்டு மழையில் கொழுந்து எடுக்கிற பெண்களின் கால்களுக்காக நான் ஜெபித்திருந்தேன்.

"நானும் எத்தனையோ வருசமா கம்பூட்டு விக்கறனுங்க. அதுக்குள்ள இருக்கற காலை நெனைச்சதே இல்லீங்க" என்றார்.

அதற்குமேல் அன்றைக்கு ஒன்றும் இல்லை. குடைக்கு மீதிச் சில்லறையைக் கொடுத்தார், வந்துவிட்டேன். ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்து அந்த ஒரு வாக்கியத்தையே நினைத்துக்கொண்டு வந்தேன். புருஷன் போன பிறகு என் ஜெபத்தை 'நல்லா இருந்துச்சு சிஸ்டர்' என்றவர்கள் நிறையப் பேர். அதை உட்கார்ந்து கேட்டவர் இவர் ஒருவர்தான்.

பிறகு பஜாருக்குப் போகும்போதெல்லாம் கடையில் நின்று பேசுவேன். சாய்ங்கால பஸ் வரும்வரை ஸ்டூல் எடுத்துப் போடுவார். பேச்சு வளர்ந்து, அடுத்த லெந்து தொடங்கின வாரம் ஒருநாள் அவரே நேராகக் கேட்டார். கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று. அவர் சாமியை அவர் கும்பிடட்டும், என் ஆண்டவரை நான் கும்பிடுகிறேன், யாரும் யாரையும் மாற்ற வேண்டாம், வயசான காலத்தில் பேச்சுத்துணைக்கு ஆள் வேண்டும், இவ்வளவுதான் அவர் சொன்னது. எனக்குச் சந்தோஷம். வெட்கமில்லாமல் சொல்கிறேன், பெரிய சந்தோஷம். ஆனால் ஒரு கண்டிஷன் போட்டேன். முதலில் என் மகனுக்குத் தெரிய வேண்டும். அதுவும் என் வாயால். ஃபோனில் அல்ல, நேரில், அவன் முகத்தைப் பார்த்து. அவன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். பெரிய வெள்ளிக்கு லீவு போட்டு வருவதாகச் சொல்லியிருந்தான். "அதுவரைக்கும் நீங்களும் ஒருத்தர்கிட்டயும் சொல்ல வேண்டாம்" என்றேன். "நான் எதுக்குங்க சொல்றேன்" என்றார். அவர் சொல்லவில்லை.

சொன்னது நான். அக்காவிடம்.

அவளிடம் சொல்லாமல் எப்படி இருப்பது? வழக்கம்போல நடு அறையில் முழங்கால் போட்டோம். சொல்லி முடித்தேன். அவள் கண்ணை மூடியபடியே கேட்டிருந்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "யாருகிட்டயும் மூச்சு உட மாட்டேன் கண்ணு. நீ, நானு, ஆண்டவரு. அவ்வளவுதான்" என்றாள். "பையன் வந்ததும் நானே சொல்லிக்கறேன் அக்கா. அவன் மனசு கோணாம இருக்கோணும், அதுக்கு மட்டும் ஜெபிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு, பாரம் இறங்கின மாதிரி வீட்டுக்கு வந்தேன். அவள் முறுக்குகூடக் கட்டிக்கொடுத்தாள்.

அதற்கடுத்து வந்த அவளுடைய முறையில் வேதபகுதி என்ன தெரியுமா? வேற்று தேசத்து விதவை ஒருத்தி மாமியாரை விட்டுப் போகாமல் கூடவே வந்து, யாரோ ஒருவர் வயலில் கதிர் பொறுக்கப் போகிறாளே, அந்தப் பகுதி. அந்த வயல்காரரையே அவள் கட்டிக்கொள்கிறாள் என்று ஞாயிறு பள்ளிக் குழந்தைக்கும் தெரியும். அதிகாலையில் தொட்டி மேட்டில் நின்றபடி ஃபோனைத் திறந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆண்டவர் என்னமாய்ப் பகுதி எடுத்துக் கொடுத்திருக்கிறார், அதையும் அக்கா வாயால் கேட்கப் போகிறேன் என்று காதில் வைத்தேன்.

வாசித்தாள். அழகாக வாசித்தாள். பிறகு ஜெபம்.

"அன்பின் பரம தகப்பனே, கண்ணீரோடு ஒரு மகளை உம்முடைய பாதத்தில் வைக்கிறோம் ஐயா. பேர் சொல்ல எனக்குப் பிரியமில்லை, தேவரீர் அறிவீர். வியாதியஸ்தருக்கு ஊழியம் செய்யும்படி தோட்டத்திலே நீர் வைத்திருக்கிற மகள். துணையை இழந்து தனித்திருக்கிற மகள். கம்பளியும் கம்பூட்டும் விற்கிற இடத்திலே, உம்மை அறியாத ஒருவரிடத்தில் அவளுடைய இருதயம் சாய்ந்துபோகாதபடி வேலியடைத்தருளும் ஐயா. அந்நிய நுகத்துக்கு அவளை விலக்கிக் காத்தருளும். தூர தேசத்தில் வேலை செய்கிற அவளுடைய ஒரே மகன் தலைகுனிந்து போகாதபடி..."

அழுதாள். வழக்கமான இடத்தில், வழக்கமான அழுகை.

நான் சால்வையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றேன். அந்த வேதபகுதியில் வருகிறவளே அந்நிய ஜாதிப் பெண். அவளை வைத்தா எனக்கு வேலி அடைக்கிறாய் என்று தொட்டியைப் பார்த்துக் கத்தினேன். கீழே ஆமென்கள் வர ஆரம்பித்திருந்தன. கூப்பிய கைப் படங்கள், அழுகிற முகங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, முதல் ஆமென், என் மகனுடையது.

அவன் அந்தக் குழுவில் சேர்ந்த நாளில் இருந்து ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்துகூடப் போட்டவன் இல்லை. அவன் பேரை அங்கே பார்த்து இன்னொரு தடவை வாசித்தேன். என்னவென்று நினைத்தேன் என்றால், பாவம் பிள்ளை, அம்மா குழுவாயிற்றே என்று என்றைக்குமில்லாமல் இன்றைக்குத் திறந்திருக்கிறான், யாரைப் பற்றி என்று புரியாமலே ஆமென் போட்டிருக்கிறான் என்று. அவனுக்குப் புரிவதற்குள் பேசிவிட வேண்டும் என்று அங்கே நின்றே கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். 'மீட்டிங்ல இருக்கேன்மா' என்று செய்தி வந்தது. அந்த விடிகாலையில் என்ன மீட்டிங் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

டிஸ்பென்சரி திறந்தபோது, இல்லாத இருமலோடு ஆட்கள் வந்திருந்தார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. எங்கள் சபையில் இல்லாதவர்களுக்கும் விஷயம் வந்து சேர்ந்திருந்தது. கொழுந்து எடுக்கிற பெண் ஒருத்தி, அவள் குடும்பம் சிலோனில் இருந்து திரும்பி வந்த குடும்பம், கையில் முள் கீறலைக் காட்டிக்கொண்டே, "ஏன் நர்சம்மா, அந்த மனுசன் நல்லவருதானே? பொறகு என்னத்துக்கு ஒங்கட ஆளுங்க இழவு வீடு மாதிரி அழுவுறாங்க?" என்று கேட்டாள். "நாங்க சாமிகிட்ட நேந்துக்கிட்டா மனசுக்குள்ளதான் நேந்துக்குவோம். மைக் வச்சா நேந்துக்குவோம்?" என்றாள். நான் கீறலுக்கு மருந்து போட்டேன்.

வேலை முடிந்ததும் பஸ் ஏறி நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அவள் திடுக்கிடக்கூட இல்லை. "வா கண்ணு, நீ வருவீன்னு தெரியும்" என்று டீக்குத் தண்ணீர் வைத்தாள். தட்டில் வர்க்கி வைத்தாள்.

"என்னத்துக்கு அக்கா இப்படிப் பண்ணுனீங்க?"

"என்ன பண்ணுனேன்? ஜெபம் பண்ணுனேன்."

"ஊருக்கே சொல்லிப்போட்டீங்களே!"

"பேரு சொன்னனா? நீயே சொல்லு கண்ணு, உம் பேரு எங்காச்சும் வந்துச்சா?"

"இந்தப் பக்கம் தோட்டத்துல இருக்கற விதவை நர்சு வேற யாரு? கம்பூட்டுக் கடை வெச்சிருக்கற ஆளு வேற யாரு?"

"எனக்குப் பாரமா இருந்துச்சு. ஆவியானவர் ஏவுனாரு, ஜெபிச்சேன். ஜெபத்தைக் குத்தம் சொல்லாத கண்ணு. அது நல்லதுக்கில்ல."

புறம் பேசினால் சண்டை போடலாம். பொய் சொன்னால் சாட்சி கூப்பிடலாம். ஜெபத்தோடு எப்படிச் சண்டை போடுவது? 'எனக்காக ஜெபித்துவிட்டாள்' என்று யாரிடம் போய்ப் புகார் சொல்வது? கேட்டவர்கள், 'அதுக்கு நீ நன்றியல்லவா சொல்லோணும்' என்பார்கள். கழுத்தை அறுக்கிறவள் அழுதுகொண்டே அறுத்தால், ஊர் அறுபட்ட கழுத்தைப் பார்க்காது, அழுகிற கண்ணைத்தான் பார்க்கும்.

"எம் பையனுக்கு என் வாயால சொல்லோணும்னு எத்தனை ஆசையா இருந்தேன்" என்றேன். "இப்ப ஊராரோட ஊராரா அவனும் கேட்டிருக்கறான். அதுகூடப் புரியாம முதல் ஆளா ஆமென் போட்டிருக்கறான், பாவம்."

டீ ஊற்றிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. அந்த இரக்கத்தை நான் சாகும்வரை மன்னிக்க மாட்டேன்.

"புரியாமயா? அவனுக்கு எல்லாம் தெரியும் கண்ணு. அவன்தான் என்னைய அப்படி ஜெபிக்கச் சொன்னான்."

நான் முழங்கால் போட்டு எழுந்து வந்த அன்றைக்கே, நான் பஸ் ஏறி வீடு சேர்வதற்குள், அவள் அவனுக்கு ஃபோன் பண்ணியிருக்கிறாள். பெரியம்மா அல்லவா, உரிமை. அவன் ஃபோனில் அழுதிருக்கிறான். "நான் வந்து பேசட்டுமா, புத்தி சொல்லட்டுமா?" என்று இவள் கேட்டிருக்கிறாள். "வேண்டாம் பெரியம்மா, அம்மா யார் சொன்னாலும் கேக்க மாட்டாங்க, பிடிவாதம் இன்னும் ஜாஸ்தியாயிரும். ஜெபத்துல வெச்சிருங்க. ஜெபம்னா எதிர்த்துப் பேச மாட்டாங்க" என்றிருக்கிறான்.

என் பிள்ளைக்கு என்னைத் தெரியும். எந்த இடத்தில் தட்டினால் நான் உடைவேன் என்று, என் மடியில் உட்கார்ந்து ஜெபம் படித்தவனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? எல்லாருக்கும் முன்னால் அவன் ஆமென் ஏன் வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. அந்த ஜெபத்துக்காக அவன் பெங்களூரில் விழித்துக் காத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

டீ குடிக்காமல் எழுந்தேன். அக்கா வாசல்வரைக்கும் வந்து, "குளிரா இருக்குது, சால்வையை இழுத்துப் போத்திக்க கண்ணு" என்றாள். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவளைக் கேள்விப்பட்டிருக்கிறேன். அன்றைக்கு நேரில் பார்த்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் கடை இருந்தது. அவர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நின்றுகொண்டிருந்தார். "என்னால உங்களுக்குச் சங்கடமுங்க. நீங்க சொன்னா நான் ஒதுங்கிக்கறனுங்க" என்றார். "ஒதுங்க வேண்டாம். நாளைக்கு எம் முறை. கேளுங்க" என்றேன். என்ன பேசப் போகிறேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

மறுநாள் பகுதி, தோட்டத்தில் நண்பன் வந்து ஆண்டவரை முத்தமிட்டுக் காட்டிக்கொடுக்கிற இடம். லெந்து நாட்களில் எப்படியும் ஒருநாள் அது வந்தாக வேண்டும். என் முறையில் வந்தது. சமையலறையில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு வாசித்தேன். வாசித்து முடித்ததும் ஜெபம் தானாக நாக்கில் வந்து நின்றது. "ஆண்டவரே, ஓய்வு பெற்ற ஒரு ஆசிரியை, பேர் சொல்ல எனக்குப் பிரியமில்லை..." அதற்கு மேல் சொல்ல என்னிடம் எவ்வளவோ இருந்தது. அவள் வீட்டு நடு அறையில் அவள் அழுத அழுகையெல்லாம் என் கையில் இருந்தது. ஒரே ஒரு ஜெபம் போதும், அவள் மறுபடி அந்தச் சங்கத்தில் தலை நிமிர்ந்து உட்கார முடியாது. அவளிடமே கற்றுக்கொண்ட வித்தை. நானும் அழுதுகொண்டே செய்திருக்கலாம்.

பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. அடுப்பைத் துடைத்தேன். பதிவு செய்யாமலே தொட்டி மேட்டுக்கு ஏறினேன். காட்டுமாடு இல்லை. அங்கேயே நின்று பேசினேன்.

"ஆண்டவரே, நேற்றைக்குப் பேர் சொல்லாமல் உம்மிடம் கொண்டுவரப்பட்ட பெண் நான்தான்" என்று தொடங்கி, என் பேரைச் சொன்னேன். என் அப்பா பேர், என் செத்துப்போன வீட்டுக்காரர் பேர், இப்போது கட்டிக்கொள்ளப் போகிறவரின் பேர், அவர் கடை இருக்கிற தெரு, எல்லாம் சொன்னேன். "இந்த மனிதரை நான் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன். அவர் நல்லவர். எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. இதை முதலில் என் மகனிடம் சொல்ல ஆசைப்பட்டேன், அது முடியாமல் போயிற்று. நம்பினவர்கள் காட்டிக்கொடுத்தால் எப்படி இருக்கும் என்று உமக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆமென்." அனுப்பிவிட்டேன்.

ஒரு ஆமென்கூட வரவில்லை. கேட்டார்கள் என்று ஃபோன் காட்டியது. ஒவ்வொருவராகக் கேட்டுவிட்டு மௌனமாக இருந்தார்கள். இத்தனை வருஷம் அவர்களுடைய காலுக்கும் சோற்றுக்கும் பிள்ளைகளுக்கும் ஜெபித்திருக்கிறேன். பேர் சொல்லி ஒருத்தி தனக்காக ஜெபித்தால் அதற்கு ஆமென் போடுவது எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. சாய்ங்காலம் கடைக்குப் போய் என் ஃபோனில் அதைப் போட்டேன், கடைக்காரர் மட்டும் உட்கார்ந்து கேட்டார். "ஏனுங்க, கடைசில நீங்கெல்லாம் ஒண்ணு சொல்லுவீங்களே, அதை நான் சொல்லலாமுங்களா? தப்பில்லீங்களே?" என்று கேட்டுவிட்டு, கூச்சத்தோடு ஆமென் சொன்னார். முருகன் படம் பார்த்துக்கொண்டிருந்தது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன்.

அங்கே இருக்கும்போதே மகன் கூப்பிட்டான். எடுத்ததும், "ஏம்மா பேரைச் சொன்னீங்க?" என்றான்.

அவன் கேட்க எத்தனையோ கேள்வி இருந்தது. அவர் யார், எப்படிப்பட்டவர், உங்களை நன்றாகப் பார்த்துக்கொள்வாரா, ஏன் என்னிடம் முதலில் சொல்லவில்லை, இவற்றில் ஒன்றையாவது கேட்பான் என்று காத்திருந்தேன். "பேர் சொல்லாம இருந்திருந்தா எப்படியாவது சமாளிச்சிருக்கலாம்மா. இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சிருச்சு" என்றான்.

"நேத்தே எல்லாருக்கும் தெரிஞ்சுதானே கண்ணு நீ ஆமென் போட்டே" என்றேன்.

வைத்துவிட்டான். பெரிய வெள்ளிக்கு அவன் வரவில்லை. ரிஜிஸ்டர் ஆபீஸில் நாங்கள் கையெழுத்துப் போட்ட அன்றைக்கும் வரவில்லை. ஈஸ்டர் பண்டிகைக்கு அக்காவுக்கு வாழ்த்து அனுப்பினான் என்று அக்காவே யாரிடமோ சொல்லி, அது என் காதுக்கு வந்தது. எனக்கு வலித்தது. இன்னும் வலிக்கிறது. அடிக்கடி கூப்பிடுகிறேன், எப்போதாவது எடுக்கிறான், மழையைப் பற்றிப் பேசிக்கொள்கிறோம்.

இந்த வருஷ லெந்துக்குக் குழுவில் தினமும் அக்கா மட்டும்தான் ஜெபம் சொல்கிறாள். எனக்கு முறை கிடையாது, யாரும் கேட்கவும் இல்லை. நான் என் சமையலறையில் அந்தந்த நாளின் பகுதியை வாசித்து, சத்தமாகவே ஜெபிக்கிறேன். அவர் எதிரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு கேட்பார். இப்போதெல்லாம் எல்லோருக்கும் பேர் சொல்லித்தான் ஜெபிக்கிறேன். முதலில் என் மகன் பேர். பிறகு கொழுந்து எடுக்கிறவர்கள், அவரவர் பேரோடு. அவருக்கும், அவர் மகளுக்கும், அவர் கடைக்கும்.

கடைசியில் அக்காவுக்கும் ஜெபிக்கிறேன். ஜெபிக்காமல் இருக்க முடியவில்லை, எனக்குத் தலை வாரிவிட்டவள். ஆனால் அவள் பேர் மட்டும் வாயில் வர மாட்டேன் என்கிறது. "கோத்தகிரியில் இருக்கிற ஒரு சகோதரி, நீர் அறிவீர்" என்று சொல்லி முடித்துவிடுகிறேன்.